மாறிய மழையும் சாஹேல் விவசாயமும்: சேர்ந்து செய்வது ஏன் இவ்வளவு சிரமமாக இருக்கிறது?

கம்பங்காடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நைஜர் நாட்டில் மராடி என்ற பகுதியில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. நைஜீரியா இல்லை, அதற்கு நேர் வடக்கே இருக்கும் நாடு. அங்கே பார்த்ததை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது. இங்கே ஆப்பிரிக்காவில் வேலை செய்தவர்கள் சிலர் இருப்பது தெரியும், அதனால் இங்கேயே தொடங்குகிறேன்.

சஹாராவின் தெற்கு ஓரமாக, மேற்கிலிருந்து கிழக்கு வரை நீளும் வறண்ட பட்டைக்குத்தான் சாஹேல் என்று பெயர். மழை ஜூன் முதல் செப்டம்பர் வரை, அவ்வளவுதான். கம்பு, சோளம், ஊடுபயிராகத் தட்டைப்பயறு. 1968 முதல் 1974 வரை நீண்ட வறட்சி, பிறகு 1984-இல் இன்னொன்று. அங்குள்ள பெரியவர்கள் பிள்ளைகளின் வயதையே அந்தப் பஞ்சத்தை வைத்துத்தான் சொல்வார்கள். பிறகு மொத்த மழை ஓரளவு தேறிவிட்டது. ஆனால் பெய்கிற விதம் மாறிவிட்டது. கடும் புயல்மழைகள் 1982-இல் இருந்ததைவிட மூன்று மடங்கு அடிக்கடி வருகின்றன என்று 2017-இல் செயற்கைக்கோள் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வந்தது. ஒரே நாளில் கொட்டித் தீர்த்து மேல்மண்ணை அடித்துக்கொண்டு போகும். அப்புறம் இரண்டு மூன்று வாரம் சொட்டு இருக்காது. முளைத்த கம்பு கருகி, திரும்ப விதைத்து, அதுவும் போய் மூன்றாம் தடவைக்கு விதை கடன் வாங்கிய வீடுகள் எனக்குத் தெரியும்.

இதற்கு என்ன செய்வது என்று தெரியாமல் இல்லை. வழிகள் இருக்கின்றன, பாதிக்கு மேல் அந்த விவசாயிகளே கண்டுபிடித்தவை. அரசு, வனத்துறை, வெளிநாட்டு நிறுவனம், ஆராய்ச்சி நிலையம், விவசாயி, மாடு மேய்ப்பவர் இத்தனை பேரும் ஒரே நிலத்தில் கால் வைக்கும்போதுதான் காரியம் கெடுகிறது.

நான் வேலை பார்த்த திட்டத்தையே சொல்கிறேன் (பெயர் வேண்டாம்). கெட்டிப்பட்ட சரிவு நிலத்தில் அரைநிலா வடிவில் மண்ணைத் தோண்டி, தோண்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போட்டால் ஓடும் நீர் அதில் தேங்கும். அருமையான முறை. நாங்கள் ஒரு அரைநிலாவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தோம். முதல் வருடம் ஊரே திரண்டு வந்து வெட்டியது, அறிக்கையில் படமெல்லாம் போட்டோம். இரண்டாம் மழையில் வரப்புகள் உடைந்தன, யாரும் தொடவில்லை. ஏன் என்று கேட்டபோது ஊர்ப் பெரியவர் ஒருவர், "அவை உங்களுடைய குழிகள், நீங்கள்தானே வந்து சரிசெய்ய வேண்டும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உள்ளபடி சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பக்கத்து ஊரில் இன்னொரு நிறுவனம் அதே வேலைக்குத் தானியம் கொடுத்தது. மூன்றாவது ஒன்று பயிற்சி மட்டும் கொடுத்தது, அவர்கள் கூட்டத்துக்கு யாரும் போகவில்லை. மூவரும் ஒரு தடவைகூட ஒன்றாக உட்கார்ந்து பேசவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

வேறு இடங்களில் எப்படி? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

வைகைக்கரையான்

தம்பி, நான் விவசாயி, ஆப்பிரிக்கா பக்கம் போனதில்லை. ஒரு சந்தேகம். மண் அரிக்கிறது, நிழல் இல்லை என்றால் முதலில் மரம்தானே நட வேண்டும்? அதை யாரும் செய்யவில்லையா?

---

கம்பங்காடு

ஐயா, நல்ல கேள்வி. நட்டார்கள், பல வருடம் நட்டார்கள், பெரும்பாலும் செத்துப்போயின. 1980-களின் தொடக்கத்தில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் மராடியில் மரக்கன்று வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மணல் பாதையில் வண்டி ஓட்ட டயரில் காற்றைக் குறைக்க இறங்கியபோது, பக்கத்தில் இருந்த புதரைக் கவனித்தார். அது புதர் இல்லை, வெட்டிய மரத்தின் தூரிலிருந்து கிளம்பிய துளிர். அந்த நிலம் முழுக்க அப்படித்தான். மேலே வெட்டுப்பட்டிருந்தாலும் கீழே பழைய வேர்கள் உயிரோடு இருந்தன. வருடா வருடம் உழுவதற்கு முன்னால் துளிர்களை வெட்டி எரித்துவிடுவார்கள். வெட்டாமல் நல்ல தண்டாக நாலைந்தை மட்டும் விட்டு மற்றதைக் கவாத்து செய்தால் மூன்று நான்கு வருடத்தில் மரம். கன்று வேண்டாம், தண்ணீர் வேண்டாம், வேலி வேண்டாம்.

சரி, இவ்வளவு சுலபமானதை அவர்கள் ஏன் முன்பே செய்யவில்லை? இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்துச் சட்டப்படி மரம் அரசுடைமை. 1960-இல் சுதந்திரம் வந்த பிறகும் அந்த முறையே தொடர்ந்தது. தன் கொல்லையில் தானாக முளைத்த மரத்தில் ஒரு கிளை வெட்டினால் வனக்காவலர் அபராதம் போடுவார். அப்படியிருக்க மரத்தை வளரவிட்டு யாருக்கு லாபம்? துளிராக இருக்கும்போதே பிடுங்கிப்போடுவதுதான் புத்திசாலித்தனம். நாம் அறியாமை என்று எழுதிவைத்தது அவர்களுடைய சரியான கணக்கு.

1980-களின் நடுவிலிருந்து அந்தக் கெடுபிடி தளர்ந்தது. மரம் என்னுடையது என்ற நம்பிக்கை வந்ததும் கொல்லைகளில் மரம் பெருகியது. எழுத்தில் உரிமை வர இன்னும் நாளாயிற்று, கொல்லையில் வளர்த்தெடுக்கும் மரங்களுக்கு என்றே தனி அரசாணை 2020-இல்தான் வந்தது.

---

மழைமானி

மேலே சொன்னதன் அளவு பலருக்குத் தெரியாது, அதனால் சேர்க்கிறேன். மராடி, சிந்தர் பகுதிகளில் இப்படி மீண்ட நிலம் சுமார் 50 லட்சம் ஹெக்டேர், மரங்கள் ஏறக்குறைய 20 கோடி என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கிறிஸ் ரெய், கிரே டப்பன் என்ற இரண்டு பேர் பழைய வான்படங்களையும் புதிய செயற்கைக்கோள் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வெளியுலகத்துக்கே தெரியவந்தது. ஒரு பெரிய திட்டமும் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ள முடியவில்லை.

இதோடு பசுமைப் பெருஞ்சுவரை வைத்துப் பாருங்கள், சாஹேல் நெடுக கெட்டுப்போன நிலத்தை மீட்கும் பெரிய திட்டம் அது. 2007-இல் ஆப்பிரிக்க ஒன்றியம் தொடங்கியது. 2030-க்குள் 10 கோடி ஹெக்டேர் மீட்பது இலக்கு. 2020-இல் வந்த மதிப்பீட்டின்படி திட்டத்துக்கென்று வரையறுத்த பகுதியில் மீண்டது 40 லட்சம் ஹெக்டேர்தான். அடுத்த ஆண்டே 1,400 கோடி டாலருக்கு மேல் வாக்குறுதி வந்தது. பதினொரு நாடுகள், ஏகப்பட்ட நன்கொடையாளர்கள், ஒவ்வொருவருக்கும் தனி அறிக்கை வடிவம், தனிக் கணக்கு. எந்தப் பணம் எந்த ஊருக்குப் போனது என்று தேடிப்பிடிப்பதே ஒரு வேலை.

ஆனால் கம்பங்காடு, ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. கூலி கொடுத்ததுதான் கெடுத்தது என்பது போல எழுதியிருக்கிறீர்கள். பஞ்ச காலத்தில் சாப்பாடு கொடுத்து வேலை வாங்குவது அவசியமான உதவி. மரம் வளர்ப்பே 1984 பஞ்சத்தில் உணவுக்கு வேலை திட்டமாகத்தான் பல ஊர்களுக்குப் போனது.

---

கம்பங்காடு

போனது உண்மை, மழைமானி. உணவு நின்றதும் விவசாயிகள் அந்த மரங்களில் பெரும்பகுதியை வெட்டிவிட்டார்கள் என்பதும் உண்மை. அதை ரினாடோவே மறைக்காமல் எழுதியிருக்கிறார். மிச்சம் வைத்தவர்களைப் பார்த்துத்தான் பிறகு பரவியது. பசித்தவனுக்குச் சோறு போடுவதை நான் குறை சொல்லவில்லை. பசி தீர்ந்த பிறகும் அதே கூலியை வைத்து ஒருவருடைய நிலத்தில் நாம் முடிவெடுத்தோம், அதைத்தான் சொல்கிறேன்.

---

நைரோபி_செல்வி

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தேன். நான் பதினைந்து வருடமாக நைரோபியில், பயிர்க் காப்பீடு சம்பந்தப்பட்ட வேலை. குழி, மரம் எல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் விவசாயியைக் கேட்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு என் துறையில் ஒரு உதாரணம் இருக்கிறது, தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள மலாவி நாடு, 2016.

ஆப்பிரிக்க ஒன்றியத்தின் கீழ் ஆப்பிரிக்க இடர்த் திறன் அமைப்பு என்று ஒன்று 2012-இல் தொடங்கினார்கள். நாடுகள் பிரீமியம் கட்டும். செயற்கைக்கோள் மழைக் கணக்கை வைத்து ஒரு கணினி மாதிரி, வறட்சியால் எத்தனை பேர் பாதிக்கப்படுவார்கள் என்று சொல்லும். வரம்பைத் தாண்டினால் பணம் வரும். யாரும் போய்ப் பயிரைப் பார்க்கத் தேவையில்லை என்பதால் சீக்கிரம் வரும், அதுதான் இதன் பெருமை. மலாவி சுமார் 47 லட்சம் டாலர் பிரீமியம் கட்டியது.

2015-16 பருவத்தில் எல் நினோ. மக்காச்சோளம் காய்ந்தது. 2016 ஏப்ரலில் அரசு பேரிடர் அறிவித்தது, அறுபது லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு உணவு உதவி வேண்டிய நிலை. மாதிரியைக் கேட்டால் பாதிப்பு மிகச் சொற்பம், பணம் கிடையாது என்றது. பிறகு களத்தில் போய் விசாரித்தபோதுதான் காரணம் தெரிந்தது. 120 முதல் 140 நாளில் விளையும் ரகம் போடுகிறார்கள் என்று மாதிரியில் எழுதியிருந்தார்கள். விவசாயிகளோ மழை மாறிவிட்டதைப் பார்த்து எப்போதோ 90 நாள் ரகத்துக்கு மாறிவிட்டிருந்தார்கள். குறுகிய ரகத்துக்கு எந்த வாரத்தில் தண்ணீர் வேண்டுமோ அந்த வாரத்தில்தான் வானம் பொய்த்தது.

யோசித்துப் பாருங்கள். மழைக்குத் தக்கபடி மாறிக்கொள்ளுங்கள் என்று இருபது வருடமாக அவர்களிடம் சொன்னதும் நாம்தான். மாறிக்கொண்டார்கள், அதனாலேயே காப்பீடு கிடைக்காமல் போனது. திருத்திய பிறகு 81 லட்சம் டாலர் தருவதாக நவம்பரில் அறிவித்து, பணம் 2017 ஜனவரியில்தான் வந்தது. அதற்குள் ஆட்டையும் மாட்டையும் விற்றுச் சாப்பிட்டாயிற்று. விதை மூட்டையில் என்ன ரகம் என்று நாலு ஊரில் விசாரித்திருந்தால் போதும்.

---

வைகைக்கரையான்

அம்மா, இதைப் படித்ததும் எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. மழையளவு வைத்துக் காப்பீடு தருகிறேன் என்று எங்களிடமும் வந்திருக்கிறார்கள். என்ன ரகம் போட்டிருக்கிறாய் என்று கேட்டவர் கிடையாது.

---

கிடைக்காரர்_மகள்

நான் கால்நடை மருத்துவர். புர்கினா ஃபாசோவில் இரண்டு வருடம், பிறகு நைஜரில் ஆறு மாதம். இதுவரை இழையில் ஒரு ஆளை யாரும் பேசவில்லை, மாடு மேய்ப்பவரை.

என் அப்பா ராமநாதபுரத்துக் கீதாரி. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டு, அதற்குக் கூலியாக நெல்லோ பணமோ வாங்கும் வழக்கத்தில்தான் நாங்கள் வளர்ந்தோம். சாஹேலுக்குப் போனபோது அதையே அங்கே பார்த்து உடம்பு சிலிர்த்தது. ஃபுலானிகள் என்ற மேய்ச்சல் இனத்தவர் மழைக்காலத்தில் மாடுகளை வடக்கே புல்வெளிக்கு ஓட்டிப் போவார்கள். அறுவடை முடிந்ததும் தெற்கே இறங்கிக் கொல்லைகளில் மாட்டை அடைப்பார்கள். விவசாயிக்கு எரு, மாட்டுக்குக் கம்பந்தட்டை, மேய்ப்பவருக்குத் தானியமும் கிணற்றுத் தண்ணீரும். எந்தத் திட்டமும் கற்றுக்கொடுக்காத கூட்டுறவு அது.

இன்று அது உடைந்துகொண்டிருக்கிறது. ஜனத்தொகை கூடிக் கொல்லை வடக்கே நகர்ந்தது. இந்த எல்லைக்கு வடக்கே பயிர் செய்யக் கூடாது என்று நைஜரில் 1961-இலேயே சட்டம் போட்டார்கள், நடைமுறையில் அந்தக் கோட்டைத் தாண்டி உழவு எப்போதோ போய்விட்டது. முன்பு அறுவடைக்குப் பின் தட்டை எல்லாருக்கும் பொது. இப்போது விவசாயி அதைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகிறார், அல்லது சந்தையில் விற்கிறார். அவர் மேல் தப்பில்லை, அவரும் இரண்டு ஆடு வளர்க்கிறார். ஆனால் வழக்கப்படி வந்து இறங்கும் மேய்ப்பவருக்கு ஒன்றும் மிச்சமில்லை.

இதற்கு மேல் நம் திட்டங்கள். நான் இருந்த பகுதியில் ஒரு நிறுவனம் தரிசு என்று நினைத்து அரைநிலாக்கள் வெட்டிய இடம், மாடுகள் தண்ணீருக்குப் போகும் பாதை. கூட்டத்துக்கு ஊர்க்காரர்களைக் கூப்பிட்டார்கள். அந்த மாதத்தில் மேய்ப்பவர்கள் நூறு கிலோமீட்டர் வடக்கே இருந்தார்கள். திரும்பி வந்தபோது பாதை இல்லை. அடுத்த வாரமே அடிதடி, இரண்டு பேருக்கு வெட்டு. காயம் பட்ட மாடுகளுக்குத் தையல் போட்டது நான்தான். கம்பங்காடு அண்ணா, உங்கள் அரைநிலாக்கள் எங்கே இருந்தன என்று நான் கேட்கலாமா?

---

கம்பங்காடு

கேட்கலாம் அம்மா. ஊருக்கு வடக்கே இருந்த மேட்டில். அது யாருடைய வழி என்று நான் விசாரிக்கவில்லை. பயன்படாத நிலம் என்று வரைபடத்தில் எழுதியிருந்தது, நான் நம்பினேன். அங்கே சண்டை வந்ததாகத் தகவல் இல்லை, ஆனால் கேட்காதது கேட்காததுதான்.

நைஜரில் 1993-இல் கிராமியச் சட்டம் என்று ஒன்று வந்தது. அதன்படி நிலக் குழுக்கள் உண்டு, விவசாயி, மேய்ப்பவர், பெண்கள் எல்லாரும் அதில் இருக்க வேண்டும். எங்கள் பகுதியிலும் ஒரு குழு இருந்தது. அவர்களுக்கு வண்டி கிடையாது, பெட்ரோல் கிடையாது. ஒரு பாதையை அளந்து கல் நட வேண்டும் என்றால் எங்களைப் போன்ற ஒரு நிறுவனம் செலவைக் கொடுக்க வேண்டும். எங்கள் பட்ஜெட்டில் அதற்கு இடமில்லை.

---

கிடைக்காரர்_மகள்

உண்மையைச் சொன்னதற்கு நன்றி அண்ணா. எல்லை தாண்டிப் போகும் மாடுகளுக்கு எக்கோவாஸ் என்ற மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு நாடுகள் 1998-இல் ஒரு பொதுவான சான்றிதழ் முறை கொண்டுவந்தன. எத்தனை மாடு, என்ன தடுப்பூசி, எந்த வழி, எல்லாம் அதில் இருக்கும். அது சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் எல்லையில் காட்ட ஒரு தாளாவது இருந்தது. 2025 ஜனவரி 29-இல் மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் எக்கோவாஸிலிருந்து விலகிவிட்டன. மழை குறைந்தால் மாடு தெற்கேதான் போயாக வேண்டும். அரசுகள் பேசிக்கொள்ளாவிட்டால் நடுவில் நிற்பது பதினைந்து வயதுப் பையனும் நாற்பது மாடும்.

---

மழைமானி

என் துறையிலும் இதே கதைதான். 1984 பஞ்சத்துக்குப் பிறகு அமெரிக்கா நிதி கொடுத்து ஃபியூஸ்நெட் என்ற பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்பை 1985-இல் தொடங்கியது. நாற்பது வருடமாக மழை, பயிர், சந்தை விலை எல்லாம் அதில் சேர்ந்துவந்தன. 2025 ஜனவரி கடைசியில் வெளிநாட்டு உதவி நிறுத்தப்பட்டதும் அந்த இணையதளமே இருண்டுபோனது. ஒரு நாட்டின் நிர்வாக முடிவு, பல நாடுகளின் எச்சரிக்கை மணி சில மாதம் நின்றது.

நல்லதும் ஒன்று சொல்ல வேண்டும். மாலியில் வானிலைத் துறை 1982-இல் ஒரு காரியம் செய்தது. விவசாயிகள் கையில் எளிய மழைமானியைக் கொடுத்தார்கள் (என் பெயர் அதனால்தான்). பத்து நாளுக்கு ஒருமுறை பெய்த மழையைக் கூட்டிப் பார்த்து, இவ்வளவு சேர்ந்தால் இந்த ரகம் விதைக்கலாம் என்று ஒரு அட்டவணை. வானிலைக்காரர், வேளாண்மைக்காரர், வானொலிக்காரர், விவசாயி எல்லாரும் ஒரே குழுவில். தலைநகரிலிருந்து வரும் முன்னறிவிப்பைவிடத் தன் கொல்லையில் தானே அளந்ததை அவர் நம்பினார். அளந்த கணக்கு திரும்ப வானிலைத் துறைக்கும் போனது.

வருடாவருடம் மழைக்கு முன்னால் சாஹேல் நாடுகள் சேர்ந்து பருவ முன்னறிவிப்பு தருகின்றன, 1998-இலிருந்து நடக்கிறது. இயல்புக்கு மேல், இயல்பு, இயல்புக்குக் கீழ் என்று மூன்று வாய்ப்புகளாகச் சொல்வார்கள். விவசாயி கேட்பது வேறு: முதல் மழைக்கே விதைக்கலாமா, நடுவில் காயுமா? இந்த இரண்டு மொழிகளுக்கும் நடுவில் ஆள் இல்லை.

---

திலகா_வேளாண்

முதல் தடவை எழுதுகிறேன். முதுகலை வேளாண்மை முடித்துவிட்டேன். டிசம்பரில் செனகலில் கஃப்ரீன் பகுதிக்குப் பயிற்சிப் பணிக்குப் போகிறேன், மழைத் தகவலை விவசாயிகளுக்குக் கொண்டுசேர்க்கும் வேலை. இந்த இழையைப் படித்ததும் ஆசையும் பயமும் சேர்ந்து வருகிறது. மழைமானி அண்ணா, கஃப்ரீன் பற்றித் தெரியுமா?

---

மழைமானி

தெரியும் திலகா. நல்ல இடத்துக்குப் போகிறீர்கள். நிலக்கடலை நாடு அது. 2011 வாக்கில் செனகல் வானிலைத் துறை அங்கேதான் இந்த வேலையைத் தொடங்கியது. விவசாயிகளிடம் முதலில் அவர்களுடைய அடையாளங்களைக் கேட்டார்கள், எந்த மரம் பூத்தால் மழை, எந்தத் திசைக் காற்று என்று. பிறகுதான் தங்கள் முன்னறிவிப்பைச் சொன்னார்கள். உள்ளூர் நிர்வாகம், வேளாண் அதிகாரி, விவசாயி எல்லாரும் சேர்ந்த குழு மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை கூடும். அப்புறம் சமுதாய வானொலிகள் வழியாக உள்ளூர் மொழிகளில் நாடு முழுக்கப் பரவியது. போவதற்கு முன் கொஞ்சம் வொலோஃப் கற்றுக்கொள்ளுங்கள், பிரெஞ்சு மட்டும் போதாது.

---

நைரோபி_செல்வி

திலகா, வானொலி யார் கையில் இருக்கிறது என்று பார் கண்ணு. நிறைய வீடுகளில் ஆண் கையில்தான். விதைக்கும் நாளும் அவர் முடிவு. பெண்ணுக்குத் தனியாக ஒரு துண்டு நிலம் இருந்தாலும் அவர் கொல்லை முடிந்த பிறகுதான் ஏரும் ஆளும் அவளுக்கு வரும். மழை பத்து நாள் சுருங்கினால் முதலில் போவது அவள் விளைச்சல்.

---

கம்பங்காடு

செல்வி அக்கா சொன்னது மராடிக்கு அப்படியே பொருந்தும். ஹவுசா மொழியில் பெண்ணின் தனித் துண்டுக்கு கமனா என்று பெயர். நிலம் சுருங்கச் சுருங்க கமனாதான் முதலில் காணாமல் போகிறது. மரம் மீண்டதில் பெண்களுக்கு விறகு நடை குறைந்தது, அது பெரிய ஆறுதல். ஆனால் விறகை விற்ற காசு யாருக்கு என்ற கேள்வி வீட்டுக்கு வீடு வேறுபடும். நைஜரில் டிமித்ரா மன்றங்கள் என்று உண்டு, ஐநா உணவு வேளாண்மை அமைப்பு தொடங்கி வைத்தது. பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து வானொலி கேட்டு, தங்கள் சிக்கலைத் தாங்களே விவாதிப்பார்கள். எங்கள் கூட்டங்களில் வாய் திறக்காத பெண்கள் அங்கே மணிக்கணக்காகப் பேசியதைக் கேட்டிருக்கிறேன்.

---

வைகைக்கரையான்

தம்பி, நடந்து முடிந்த ஒரு நல்ல கூட்டு முயற்சியைச் சொல்லுங்கள். எல்லாம் கெட்டுப்போன கதையாகவே வருகிறது.

---

கம்பங்காடு

சொல்கிறேன் ஐயா, எனக்குப் பிடித்தமானது. புர்கினா ஃபாசோவில் யாதெங்கா என்ற வறண்ட பகுதி, அதில் கூர்கா என்ற ஊர். யாகூபா சவதோகோ அந்த ஊர் விவசாயி. சாயி என்று ஒரு பழைய முறை அங்கே உண்டு: கெட்டித் தரையில் ஒரு சாண், ஒன்றரைச் சாண் அகலத்துக்குச் சிறு குழி, மழை வந்ததும் அதில் விதை. அவர் 1980-களின் தொடக்கத்தில் குழியைப் பெரிதாக்கினார், உள்ளே எரு போட்டார், கோடையிலேயே வெட்டத் தொடங்கினார். எரு கரையானை இழுக்கும், கரையான் மண்ணில் வழி போடும், அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும். ஊரில் பைத்தியம் என்றார்கள். அவர் வளர்த்த மரங்களுக்குத் தீ வைத்தார்கள். அவர் விடவில்லை.

கேளுங்கள், அவர் என்ன செய்தார் என்றால் ஆண்டுக்கு இரண்டு முறை தன் இடத்தில் சாயிச் சந்தை கூட்டினார். பல ஊர் விவசாயிகள் வந்து விதையை மாற்றிக்கொண்டு, அவரவர் குழி அனுபவத்தைப் பேசிவிட்டுப் போவார்கள். அதே யாதெங்காவில் ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனத்தின் ஆட்கள் கல் வரப்புக்கு மட்டம் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: நம்மூர்க் கொத்தனார் வைத்திருப்பாரே, தண்ணீர் நிரப்பிய ட்யூப், அதேதான். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஓரிரு நாளில் கற்றுக்கொண்டார். வெளியாளும் உள்ளூர்க்காரரும் சரியாகச் சேர்ந்த இடம் என்றால் எனக்கு அந்த ட்யூப்தான் நினைவுக்கு வரும்.

1989-இல் நைஜரின் இலேலாவிலிருந்து ஒரு சிறு விவசாயிக் குழுவை யாதெங்காவுக்கு அழைத்துப் போனார்கள். அதிகாரி யாரும் பாடம் நடத்தவில்லை, விவசாயிக்கு விவசாயி காட்டினார். திரும்பி வந்து சிலர் செய்தார்கள். அடுத்த வருடம் வறட்சி, குழி போட்ட கொல்லையில்தான் கதிர் நின்றது. அதற்குப் பிறகு பிரசாரமே தேவைப்படவில்லை. ஹவுசாவில் அதற்கு டாசா என்று பெயரும் ஆயிற்று.

வேலை கடுமையானது, மறைக்க மாட்டேன். ஒரு ஹெக்டேருக்கு 300 மணி நேரத்துக்கு மேல் கடப்பாரை வேலை, அதுவும் உச்சி வெயில் மாதங்களில். இளைஞர்கள் வேலை தேடித் தெற்கே போய்விட்ட வீட்டில் யார் வெட்டுவது?

சவதோகோவுக்கும் ரினாடோவுக்கும் 2018-இல் ஒரே மேடையில் ரைட் லைவ்லிஹுட் விருது கொடுத்தார்கள். ஆனால் அவர் காடாக்கிய நிலத்தின் ஒரு பகுதியைப் பக்கத்து நகரம் விரிந்தபோது மனைகளாகப் பிரித்துவிட்டார்கள், காகிதத்தில் அது அவருடையது இல்லை. அவர் 2023 டிசம்பரில் இறந்துபோனார்.

---

மழைமானி

இதில் விவசாயி மட்டும் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதனால் ஒரு வார்த்தை. நாம் சாப்பிடும் கம்பே மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர் பயிராக்கியது, பல ஆயிரம் வருடத்துக்கு முன் நம்மிடம் வந்தது. 1988-இல் இந்தியாவில் வெளியான ஐசிடிபி 8203 ரகம், வடக்கு டோகோ விவசாயிகள் காத்த நாட்டுக் கம்பிலிருந்து இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்தது. டோகோ விவசாயியின் கண், ஹைதராபாத்துக்குப் பக்கத்து ஆராய்ச்சி நிலையம், இரண்டும் சேர்ந்தால்தான் அந்த விதை. நைஜரில் சமீபத்தில் வந்த சக்தி என்ற கம்பு ரகமும் இப்படித்தான், சீக்கிரம் விளையும், இரும்புச் சத்து அதிகம்.

---

வைகைக்கரையான்

கம்பு அங்கிருந்து வந்ததா! இத்தனை வருடம் விதைத்திருக்கிறேன், தெரியாது. கொடுத்தவர்களுக்குத் திரும்ப என்ன போனது தம்பி?

---

மழைமானி

ஐயா, அந்தக் கேள்விக்காகவே 2001-இல் ஒரு சர்வதேச ஒப்பந்தம் போட்டார்கள், தாவர மரபு வளங்களுக்காக. பலன் பகிர ஒரு நிதியும் உண்டு. டோகோ கொல்லைக்காரருக்கு அது தெரியுமா என்று கேட்டால், தெரியாது என்றுதான் சொல்வேன்.

---

நைரோபி_செல்வி

கேட்காமல் கொடுத்ததன் விலையும் உண்டு. கென்யாவில் பரிங்கோ பகுதிக்கு 1980-களில் விறகுக்காக ஒரு மரம் கொண்டுவந்தார்கள். வைகைக்கரையான் ஐயாவுக்கு நன்றாகத் தெரிந்த சீமைக்கருவேலம்தான். அங்கே மதெங்கே என்பார்கள். மேய்ச்சல் தரையெல்லாம் மூடிவிட்டது, காயின் இனிப்பால் ஆட்டுக்குப் பல் விழுகிறது. 2006 வாக்கில் அந்த மக்கள் அரசு மேல் வழக்குப் போட்டு, பல் போன ஆட்டையே நைரோபி நீதிமன்றத்துக்கு ஓட்டிவந்தார்கள்.

---

வைகைக்கரையான்

அந்த ஆட்டை நான் என் ஊரிலேயே பார்த்திருக்கிறேன் அம்மா.

---

திலகா_வேளாண்

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். கம்பங்காடு அண்ணா, போய் இறங்கிய முதல் வாரத்தில் நான் என்ன செய்ய வேண்டும்?

---

கம்பங்காடு

திலகா, ஒரு ஊரில் வேறு யார் யார் வேலை செய்கிறார்கள் என்று ஊர்த்தலைவரிடம் முதல் நாளே கேள். அவர்களை நீயே தேடிப்போய்ப் பார், உன் மேலதிகாரி சொல்லும்வரை காத்திருக்காதே. கோடையில் யார் மாட்டோடு வருகிறார்கள், எந்த வழியில், எந்த மாதம் என்று கேட்டு எழுதிவை. கூட்டம் என்றால் அவர்களும் ஊரில் இருக்கும் நாளாகப் பார்த்து வை. விதை மூட்டையைத் திறந்து காட்டச் சொல், எத்தனை நாள் பயிர் என்று கேள். பெண்களிடம் தனியாகப் போய் உட்கார். நான் இதில் ஒன்றையும் முதல் வருடத்தில் செய்யவில்லை.

அப்புறம் ஒன்று. கொல்லைகளில் பெரிய மரங்கள் தனித்தனியாக நிற்கும். வொலோஃபில் காட், ஹவுசாவில் காவ். மழைக்காலத்தில் இலை உதிர்த்துப் பயிருக்கு வெயிலை விட்டுக்கொடுக்கும், கோடையில் தழைத்து மாட்டுக்கு நிழலும் காயும் கொடுக்கும். நீ போகும் டிசம்பரில் சுற்றிலும் தரை காய்ந்து கிடக்க, அது மட்டும் பச்சையாக நிற்கும். ஒரு படம் எடுத்து இங்கே போடு அம்மா. பார்த்து ரொம்ப நாள் ஆன மாதிரி இருக்கிறது.